போயிரும்

முதலில் லாரிகளுக்கு மூளை வைத்துப் பார்த்தார்கள். டிரைவரே வேண்டாம், வண்டி தானாகவே ஓடும் என்றார்கள். அமைச்சர் கொடியசைத்து அனுப்பி ஒரு வாரம் ஆவதற்குள், அவற்றில் ஒன்று கருக்கம்பாளையம் ரயில் பாலத்துக்கு முன்னால் போய் நின்றுகொண்டது. பாலத்தின் நெற்றியில் எழுதியிருந்த உயரத்தைப் பார்த்தால் தாராளமாக நுழைந்துவிடலாம். ஆனால் அந்தப் பலகையை எழுதிய காலத்தில் இருந்த ரோடு வேறு. அதற்கப்புறம் ஒவ்வொரு தேர்தலுக்கும் பழைய தாரைச் சுரண்டாமல் அதன் தலையிலேயே புதுத் தாரை ஊற்றி ஊற்றி, ரோடு மேலே ஏறிக்கொண்டே வந்திருந்தது. பாலம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. எந்திரம் பலகையை நம்பவில்லை. தானே அளந்து பார்த்தது, நுழையாது என்று தெரிந்துகொண்டது, நின்றுவிட்டது.

வண்டியின் முதலாளி போனில் கத்தினார். எந்திரம் அசையவில்லை. வேலையை விட்டுத் தூக்கிவிடுவேன் என்றார். எந்திரத்துக்கு உறைக்கவில்லை. அதற்குப் பெண்டாட்டி இல்லை, பிள்ளை இல்லை, ஸ்கூல் பீஸ் இல்லை, பிறகு எதைச் சொல்லி மிரட்டுவது? வருஷம் திரும்புவதற்குள் முதலாளிகள் அத்தனை பேரும் அந்த மூளைகளைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு மறுபடியும் மனிதர்களைத் தேடி வந்தார்கள். மனிதர்களும் வந்தார்கள். வந்து, வழக்கம்போல பாலத்தில் முட்டினார்கள்.

இதைத் தடுக்கத்தான் தாழ்பாலப் பாதுகாப்பு வாரியம் என்று ஒன்றை அமைத்தார்கள். அதன் தலைவர் ஞானசேகரன், பதவிக்காலம் முழுக்கக் கைத்தறியும் மீன்வளமும் பார்த்தவர். லாரியைப் பின்னாலிருந்து பார்த்திருக்கிறார், அதுவும் தன் காருக்கு அது வழிவிடாத சமயங்களில் மட்டும். சேலத்தில் ஏசி போட்ட ஹாலில் வடையும் காபியும் வைத்துக்கொண்டு, டிரைவர்கள் ஏன் முட்டுகிறார்கள் என்று மண்டையை உடைத்துக்கொண்டார்கள். குடி என்றார் ஒருவர். தூக்கம் என்றார் இன்னொருவர். படிப்பறிவில்லை, மீட்டருக்கும் அடிக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்றார் மூன்றாமவர். ஏறிப்போன ரோட்டைச் சுரண்டலாம், பலகையைத் திருத்தி எழுதலாம், பாலத்துக்கு முன்னால் இரும்புச் சட்டத்தில் சங்கிலிகளைத் தொங்கவிட்டால் உயரமான வண்டியின் கூரையில் அது தட்டி எச்சரிக்கும், முக்கியமாக வண்டி திரும்பிப் போக ஓர் இடம் ஒதுக்கலாம் என்று ஓர் இளநிலைப் பொறியாளர் சொன்னாராம். இதெல்லாம் அந்த ஹாலில் இருந்தவர்கள் செய்ய வேண்டிய வேலைகள். ஆகவே கைவிட்டுவிட்டார்கள். குறை டிரைவரின் தலைக்குள் இருக்கிறது என்று ஏகமனதாக முடிவாயிற்று.

அந்தத் தலைக்குள் போக வழி தெரிந்தவர் டாக்டர் இந்துமதி. மனிதனின் பயத்தை உடம்பிலிருந்து பிரித்தெடுக்க முடியும் என்று கண்டுபிடித்திருந்தார். பிரித்தெடுத்ததை இன்னொருவருக்குச் செலுத்தவும் முடியலாம் என்றார். அந்த "முடியலாம்" என்ற சொல்லை ஹாலில் யாரும் கண்டுகொள்ளவில்லை.

பயம் எடுக்க ஓர் ஆள் வேண்டுமே. கிடைத்தவன்தான் செங்கோடன்.

திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரன். மீசை முளைத்ததிலிருந்து லாரிதான், வேறு வேலை தெரியாது. அதே கருக்கம்பாளையம் பாலத்தில் பஞ்சு லோடோடு போய் முட்டி, கேபின் கூரை ஸ்டியரிங் வரை நசுங்கி, கீறல்கூட இல்லாமல் வெளியே வந்தவன். உடம்பில்தான் கீறல் இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டிருந்தான், அவ்வளவு நடுக்கம். டாக்டருக்கு இதைவிட நல்ல சரக்கு கிடைக்காது.

"அந்த நிமிஷத்தை நினைச்சுக்கங்க செங்கோடன்," என்றார் டாக்டர். "பாலம் கிட்ட வருது. உங்க உடம்புல ஒரு பயம் ஊறுது. அதைத்தான் எடுக்கப்போறோம். அம்மைக்கு ஊசி போடுற மாதிரி மத்த டிரைவர்களுக்குப் போட்டுட்டா, தாழ்வான பாலத்தைப் பார்த்தாலே அவங்களுக்கு உங்க பயம் வந்துரும். நிறுத்திருவாங்க."

"எனக்குங்க?" என்றான் செங்கோடன்.

"உங்களுக்கு இருக்காது."

ஏதோ நஷ்டத்தைச் சொல்வதுபோல அவர் சொன்னது அவனுக்கு விளங்கவில்லை. எடுத்துக்கொள்ளுங்கள் என்றான்.

தலையில் வலை போன்ற ஒன்றை மாட்டினார்கள். பயம் இறங்க இறங்க அதன் அடியில் ஓர் ஒலியும் இருப்பதாக டாக்டர் கண்டார். அதைப் பெரிதாக்கிக் கேட்டால் ஒரே ஒரு சொல், கரகரவென்று. "போயிரும்." தலைவர் ஞானசேகரன் அதைக் கேட்டுவிட்டு மேசையைத் தட்டினார். உயிர் போயிரும், தலை போயிரும், இதைவிடத் தெளிவான எச்சரிக்கை வேண்டுமா என்றார். அடுத்த மாதம் தமிழ்நாடு முழுக்கச் சுங்கச்சாவடிகளில் பெரிய பெரிய பலகைகள் முளைத்தன. குனிந்த தலையுடன் ஒரு டிரைவர் படம், கீழே கொட்டை எழுத்தில் "போயிரும்!" ஊசி போட்டுக்கொண்டால்தான் லைசென்ஸ் என்று ஆணையும் வந்தது. ஊசி இருக்கும்போது கம்பி எதற்கு என்று, அங்கங்கே இருந்த ஒன்றிரண்டு உயரத் தடுப்புகளையும் அறுத்து எடுத்துக்கொண்டு போனார்கள்.

செங்கோடனுக்கு நல்ல காலம் பிறந்தது. பயம் போன மனிதன் எப்படி இருப்பான் என்று பார்க்க விரும்புகிறவர்கள் அவனைப் பார்த்திருக்க வேண்டும். முதலாளி சென்னியப்பன் எதிரில் வந்தால் எழுந்து நிற்கிற பழக்கம் நின்றது. வாயில் கொட்டைப்பாக்கை அடக்கிக்கொண்டே பேசுகிற அவர், வழக்கம்போல ஒரு நாள் போன் செய்து, ரயில் பாலத்து வழியாகவே வா, சுற்றிக்கொண்டு வராதே, வண்டி போயிரும் என்றார். செங்கோடன் வண்டியை ஓரங்கட்டினான்.

"போகாதுங்க," என்றான். "போகுமுன்னா நீங்களே வந்து ஓட்டிக் காட்டுங்க. நான் எறங்கி நின்னு கையத் தட்டறேன்."

சொல்லிவிட்டுப் போனை அணைத்து, சுற்றுவழியில் நிதானமாக, நடுவில் நிறுத்தி இளநீர் குடித்துவிட்டு வந்து சேர்ந்தான். சென்னியப்பன் பாக்கை மென்றாரே தவிர ஒன்றும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்? மறுவாரம் வாரிய விழாவில் அமைச்சர் கையால் செங்கோடனுக்கு மாலை. திட்டத்தின் தூதர் என்று பட்டம். வாரிய ஹாலின் சுவரில் அவன் படம், ஞானசேகரன் படத்துக்கு அடுத்த இடத்தில். அந்த ஆளை வேலையை விட்டு அனுப்ப எந்த முதலாளிக்குத் துணிச்சல் வரும்?

இதைச் செங்கோடன் அப்போது யோசிக்கவில்லை. தனக்குப் பயம் போய்விட்டது, அவ்வளவுதான் அவன் கணக்கு. அந்த வருஷம் முழுக்க அவன் பார்த்த மனிதர்கள் எல்லாரும் அவனுக்குக் கேலிப்பொருள் ஆனார்கள். கும்பிடுகிறவன், குழைகிறவன், போன் மணி அடித்ததும் வாயில் இருக்கிற இட்லியை அப்படியே முழுங்குகிறவன், ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் செருப்பைக் கழற்றுகிறவன். தாபாவில் உட்கார்ந்து இவர்களைப் பார்த்துப் பார்த்துச் சிரிப்பான். என்னுடைய எச்சில் பயத்தைத்தானேடா வாங்கிப் போட்டுக்கொண்டு நடுங்குகிறீர்கள் என்று முகத்துக்கு நேராகவே சொல்வான். அவனோடு ஒரே மேசையில் சாப்பிட வருகிறவர்கள் குறைந்துபோனார்கள்.

வீட்டிலும் அதே கதைதான். மைத்துனன் பிள்ளைக்குக் காது குத்தின விருந்தில், சம்பந்தி வீட்டார் அத்தனை பேர் நடுவில் மைத்துனனைப் பார்த்து, உன் மாமனார் தும்மினால் நீ மூக்கைத் துடைத்துக்கொள்கிறாயே என்று கேட்டுவைத்தான். கோகிலா, அவன் மனைவி, பந்தியில் பாதியிலேயே எழுந்துவிட்டாள். பயமே இல்லாத ஆளோடு குடும்பம் நடத்துவது எவ்வளவு சங்கடம் என்று யாரும் அவளிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. முன்பெல்லாம் மழைநாளில் வண்டியில் போனால் மூன்று தடவை போன் செய்வான், பிள்ளைகள் வந்துவிட்டார்களா என்று கேட்பான். இப்போது கேட்பதில்லை. அந்தப் பயமும் சேர்ந்துதான் போய்விட்டது என்பாள் அவள்.

இதற்கிடையில் பாலங்களில் முட்டுவது குறையவில்லை. குறையாதது மட்டுமா, கூடிக்கொண்டே போனது. கருக்கம்பாளையத்தில் மாதம் தவறாமல் ஒரு லாரி கூரை இழந்தது. வாரியம் முதலில் மறைத்தது, அப்புறம் பூசி மெழுகியது, கடைசியில் ஊசியின் அளவைக் கூட்டியது. அதற்கப்புறம் முட்டுவது இன்னும் கூடியது.

அந்த வரிசையில் முட்டியவன் மாரப்பன். அவனும் சென்னியப்பனிடம் வண்டி ஓட்டுகிறவன்தான், செங்கோடனுக்கு வெகுகாலச் சிநேகிதன், செங்கோடன் கேலி செய்தும் விலகாமல் இருந்த ஒரே ஆள். நெற்றியில் தையலோடு தாபாவில் டீ குடித்துக்கொண்டிருந்தான். ஊசி போட்டும் ஏண்டா முட்டினாய் என்று செங்கோடன் கேட்டான்.

"பாலத்தக் கண்டதும் காதுக்குள்ள ஒரு கொரலு கேக்குதப்பா," என்றான் மாரப்பன். "போயிரும், போயிரும்னு. அதக் கேட்டா வயிறு கலங்குது. காலு தானா அமுத்துது."

"பிரேக்கயா?"

"பிரேக்க அமுத்தியிருந்தா எதுக்கு நெத்தியில தையலு? ஆக்சிலேட்டரத்தான்."

செங்கோடன் டீ கிளாஸை வைத்தான். அது யார் குரல் என்று கேட்டான்.

மாரப்பன் சுற்றுமுற்றும் பார்த்தான். "நம்ம மொதலாளி கொரலாட்டவே இருக்குது," என்றான். "வாயில பாக்கை வெச்சுக்கிட்டுப் பேசற மாதிரி."

செங்கோடனுக்குப் புரை ஏறும் அளவுக்குச் சிரிப்பு வந்தது. விஷயம் இவ்வளவுதானா! அவன் முட்டிய அன்று நடந்தது ஒன்றும் அவனுக்கு மறக்கவில்லை. பயம்தான் போயிருந்தது, ஞாபகம் அப்படியே இருந்தது. பாலத்தைப் பார்த்ததும் நிறுத்தினான். நுழையாது என்று கண்ணாலேயே தெரிந்தது. பின்னால் வரிசைகட்டி ஹார்ன். திரும்பவும் இடமில்லை. சுற்றிப்போனால் டீசல் ஆகும், நேரமாகும், கேட்கலாம் என்று முதலாளிக்குப் போன் போட்டான். அவர் சொன்னார், வண்டி போயிரும், போடா. போகாது போலிருக்கிறது என்று இவன் இழுத்தான். அப்போது அவர் சொன்னதுதான் அது. வண்டி போகவில்லையென்றால் உன் வேலை போயிரும். இவன் ஆக்சிலேட்டரை அமுத்தினான்.

விசாரித்த போலீஸ்காரர் தூக்கமா என்று கேட்டார், குடியா என்று கேட்டார். போனில் யார் என்று கேட்கவில்லை. அப்போது இருந்த நிலைமையில் கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டான். ஆக, வாரியத்தின் மகா புத்திசாலிகள் பாட்டிலில் பிடித்தது பாலத்து மேலிருந்த பயத்தை அல்ல. முதலாளி மேலிருந்த பயத்தை. நிறுத்த வைக்கிற மருந்து என்று நினைத்து, முட்ட வைத்த நோயையே ஊர் முழுக்கக் குத்தியிருக்கிறார்கள். ஒரு தமிழ்ச் சொல்லின் அர்த்தம் தெரியாத தமிழர்கள் என்று எண்ணி எண்ணிச் செங்கோடன் அன்று முழுக்கச் சிரித்தான். யாரிடமும் போய்ச் சொல்லத் தோன்றவில்லை. முட்டுகிறவர்கள் முட்டட்டும், அவனுக்கென்ன?

அவனுக்கும் முறை வந்தது. லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டிய வருஷம் அது. ஊசி போட்ட சான்று இல்லாமல் முடியாது என்றார்கள். என்னிடம் எடுத்ததையே எனக்குப் போடுவீர்களா என்று கேட்டான். விதியில் விலக்கு இல்லை, வேண்டுமானால் வாரியத்தின் முன் ஆஜராகி முறையிடலாம் என்று பதில் வந்தது.

போட்டுக்கொண்டு வந்துவிடுங்கள் என்றாள் கோகிலா. பழைய ஆள் வீட்டுக்கு வந்தால் போதும் என்றாள். செங்கோடன் அசையவில்லை. எழுந்து நின்று கைகட்டின காலத்தை நினைத்தாலே அவனுக்கு அருவருப்பாக இருந்தது. இன்னொரு தடவை அப்படி வாழ முடியாது. அதற்குச் சாவதே மேல் என்று அவளிடம் வாய்விட்டே சொன்னான். வாரியத்திடம் போய் அவர்கள் செய்த முட்டாள்தனத்தை எடுத்துச் சொன்னால் ஊசியே நின்றுவிடும், தன் பயம் தன்னிடம் திரும்பி வராது என்று நிச்சயமாக நம்பினான்.

ஹாலில் மேசையின் நடுவில் ஞானசேகரன். ஒரு பக்கம் டாக்டர் இந்துமதி. மறுபக்கம், உரிமையாளர்கள் தரப்பு உறுப்பினராக, சென்னியப்பன். செங்கோடன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான். நாற்காலி காட்டுவதற்கு முன்பே உட்கார்ந்தான். உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் சொன்னான். பாலம், ஹார்ன், போன், அந்தச் சொல். உயிர் போயிரும் என்று நினைத்து நீங்கள் பலகையில் எழுதி வைத்திருப்பது, வண்டி போயிரும், வேலை போயிரும் என்று என் முதலாளி சொன்னதைத்தான் என்று முடித்தான். ஞானசேகரன் டாக்டரைப் பார்த்தார்.

"அப்போ விபத்து கூடினதுக்கு இதுதான் காரணமா?"

டாக்டர் குனிந்து தன் பேனாவை மூடினார், திறந்தார். "இருக்கலாம் சார்," என்றார்.

இப்போது சென்னியப்பன் மாட்டிக்கொண்டார் என்றுதான் செங்கோடன் நினைத்தான். அவரோ பாக்கை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார், அவ்வளவுதான்.

"நாஞ் சொன்னதுதானுங்க, இல்லீன்னு சொல்லல," என்றார். "எல்லா லாரி மொதலாளியும் சொல்றதுதான். ஆனா ஒண்ணு பாருங்க. ஊசி வந்த பொறவு ஒரு ஸ்ட்ரைக் உண்டுங்களா? லீவு கேட்டு ஒருத்தன் வந்தானுங்களா? லோடெல்லாம் நேரத்துக்கு முன்னாலயே போய்ச் சேருது. முட்டறது முட்டட்டுங்க. வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்குது. பாலம் நம்முளுதா என்ன?"

மேசையைச் சுற்றி மூச்சுவிடும் சத்தம் கேட்டது. அது நிம்மதிப் பெருமூச்சு. ஞானசேகரன் முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது. திட்டம் தோல்வி என்று சொல்வதற்குத்தான் அவர் பயந்துகொண்டிருந்தார். தோல்வி இல்லை, வேறு வகையில் வெற்றி என்றால் அதை எழுதிக்கொள்வதில் அவருக்கு என்ன கஷ்டம்? பெயரை மட்டும் மாற்றிவிடலாம் என்றார். ஓட்டுநர் ஒழுக்க மேம்பாட்டுத் திட்டம் என்று யாரோ சொன்னார்கள். பேஷ் என்றார் தலைவர். செங்கோடன் ஒருவன் அங்கே உட்கார்ந்திருப்பதையே கொஞ்ச நேரம் மறந்துபோனார்கள். மனசாட்சி என்பதை அந்த ஹாலில் தேடுவதற்குப் பதில், கருக்கம்பாளையம் பாலத்தின் அடியில் தேடலாம்.

"எனக்கு ஊசி வேண்டாங்க," என்றான் செங்கோடன்.

"வேண்டாம்னா விட்டுருங்க," என்றார் ஞானசேகரன் மரியாதையாக. "லைசென்ஸ் கிடையாது, அவ்வளவுதான். கட்டாயம் எதுவும் இல்லை."

தூதர் ஆச்சே என்று செங்கோடன் ஆரம்பித்தான். புதுப் பெயருக்குப் புதுத் தூதர் வேண்டும், ஒரு சீரியல் நடிகரிடம் பேசி முடித்தாயிற்று என்றார்கள். அவன் சுவரைப் பார்த்தான். ஞானசேகரன் படத்துக்கு அடுத்த இடத்தில் ஓர் ஆணிதான் இருந்தது. வயிற்றுக்குள் ஏதோ புரண்டது. காலையில் சாப்பிட்ட பரோட்டா என்று நினைத்துக்கொண்டான். சென்னியப்பன் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார், சிரிக்கக்கூட இல்லை. ஒரு வருஷமாக அவர் இந்த நிமிஷத்துக்காகத்தான் பொறுமையாகப் பாக்கு மென்றிருக்கிறார். ஊசி போடாத ஆளை எந்த லாரி ஆபீஸிலும் வண்டியில் ஏற்றக்கூடாது என்று எங்கள் சங்கத்தில் தீர்மானம் இருக்கிறது என்று பொதுவாகச் சொல்வதுபோலச் சொன்னார்.

லாரி இல்லாமல் செங்கோடன் யார்? அடுத்த அறைக்குப் போய்ச் சட்டைக் கையைச் சுருட்டினான். டாக்டர்தான் ஊசி போட்டார், அவன் முகத்தைப் பார்க்காமலே.

உடனே தெரிந்தது. உள்ளங்கை வியர்த்தது, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. வராந்தாவில் சென்னியப்பன் நின்றிருந்தார். மஞ்சள் லோடு ஏற்றி நிற்கிறது, உயரம் கொஞ்சம் கூடத்தான், ஆனாலும் கருக்கம்பாளையம் வழியாகவே கொண்டுபோ என்றார். சரிங்க முதலாளி என்று யாரோ சொன்னார்கள். சொன்னது தான்தான் என்று செங்கோடனுக்குப் பிறகுதான் தெரிந்தது. இரண்டு கையும் மார்புக்கு முன்னால் சேர்ந்திருந்தன. ஊசி வேலை செய்கிறது, நான் என்ன செய்ய முடியும் என்று நினைத்துக்கொண்டான். அப்படி நினைத்தது அவனுக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. அந்த ஆறுதல் வாரிய வாசலைத் தாண்டும்வரைதான்.

வெளியே வேப்பமரத்தடியில் அவன் நிற்பதைப் பார்த்து டாக்டர் இந்துமதி கிட்டத்தட்ட ஓடிவந்தார்.

"உங்களுக்குப் போட்டது வெறும் உப்புத் தண்ணி," என்றார். "உங்ககிட்ட எடுத்தது நிஜம்தான். ஆனா அது ஒரு வாரம்கூடத் தாங்கல, கெட்டுப்போச்சு. நகல் எடுக்கவும் முடியல. அதுக்குள்ள அமைச்சர் தேதி குறிச்சுட்டார். என்ன செய்யறதுன்னு தெரியாம தண்ணியை நிரப்பினோம். இன்னைக்கு வரைக்கும் உங்க பயம் ஒருத்தர் உடம்புக்கும் போகல."

மாரப்பனுக்கு என் முதலாளி குரல் கேட்டதே என்றான் செங்கோடன்.

"மாரப்பனுக்கு முதலாளி யாரு?"

"எங்க மொதலாளிதானுங்க," என்றான்.

"ஒவ்வொருத்தருக்கும் அவங்கவங்க முதலாளி குரல்தான் கேட்குது. ஊசிக்கு முன்னாடியும் அதுதான் கேட்டுக்கிட்டு இருந்திருக்கு. நாங்க யாரும் விசாரிக்கல. இப்போ தடுப்புக் கம்பியையும் எடுத்துட்டாங்க, அதனால கூடுதலா முட்டுறாங்க. அவ்வளவுதான் விஷயம்."

"இத உள்ள ஏனுங்க சொல்லல?"

டாக்டர் கட்டடத்தைத் திரும்பிப் பார்த்தார். "சொன்னா என் வேலை போயிரும்," என்றார்.

நேற்று வரைக்கும் இருந்த செங்கோடனாக இருந்தால் இந்த வார்த்தைக்கு வயிறு வலிக்கச் சிரித்திருப்பான், இவ்வளவு படித்துவிட்டு நீயுமா என்று கேட்டிருப்பான். இப்போது தன் இரண்டு கைகளையும் அவர் முன்னால் நீட்டினான்.

"தண்ணீன்னா இந்த நடுக்கம் ஏனுங்க நிக்க மாட்டேங்குது?"

டாக்டர் வழக்கத்தால் அவன் மணிக்கட்டைப் பிடித்தார். "ஊசிக்கு முன்னாடியே ஆரம்பிச்சுருச்சு," என்றார். "சுவத்துல உங்க படத்தைத் தேடுனீங்களே, அப்பவே பார்த்தேன். ஒரு வருஷமா உங்களுக்குப் பயப்பட அவசியம் இல்லாம இருந்தது. மாலை போட்டிருந்தாங்க. இன்னைக்குக் கழட்டிட்டாங்க."

செங்கோடனுக்கு அவமானம் சுட்டது. ஒரு வருஷமாக யார் யாரைப் பார்த்துச் சிரித்தானோ அவர்கள் எல்லாரும் முன்னால் வந்து நிற்பதுபோல இருந்தது. ஆனாலும் இப்போது உண்மை தெரிந்துவிட்டது. தண்ணீர்தானே. தண்ணீருக்கா பயப்படுவது? முதலாளிக்கு இப்போதே போன் செய்து, அந்த வழியில் வண்டி போகாதுங்க, சுத்தித்தான் வருவேன் என்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்தான். அந்த வாக்கியத்தை ஒரு முறை வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டான். சரியாகத்தான் வந்தது.

டாக்டரின் விரல்கள் இன்னும் அவன் மணிக்கட்டில்தான் இருந்தன. நடுங்குவது தன் கையா, அவர் கையா என்று அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை.

அவன் சட்டைப்பையில் போன் அடித்தது. அதே நேரத்தில் வராந்தாவிலிருந்து பியூன் எட்டிப் பார்த்து, மேடம், தலைவர் கூப்பிடறார் என்றான். டாக்டர் கையை விட்டார். செங்கோடன் போனைக் காதில் வைத்தான்.

"இதோ வந்துட்டேன் சார்," என்றார் டாக்டர், அங்கே இல்லாத தலைவருக்கு.

"இதா கெளம்பிட்டனுங்க மொதலாளி," என்றான் செங்கோடன். "பாலத்து வழியாவே போயர்றனுங்க."